ஒரு ஆலங்கட்டி குறைச்சல்

செப்டம்பர் 4. மழை இல்லை.

கேவலமா? எதுடா கேவலம்? வானத்திலிருந்து விழுந்த பேர் கேவலம், தெருவில் நின்று கூப்பிட்டால் நூறு பேர் திரும்பிப் பார்க்கிற உன் பேர் கௌரவமா? இதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் இல்லையா? கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனால் நான் யாரோடு சண்டை போடுவது, கதவோடா? அதனால்தான் நோட்டை எடுத்துவிட்டேன். நோட்டு எழுந்து போகாது.

நடந்தது இதுதான். மருமகளுக்கு ஏழாவது மாதம். வயிற்றைச் சாப்பாட்டு மேஜைக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்துகொண்டு ஒரு காகிதத்தை வாசித்தாள். பிள்ளைக்கு வைக்கப் பேர்கள். மண்ணிலிருந்தோ வானத்திலிருந்தோ எடுத்த பேராக, யாரும் வைக்கத் துணியாத பேராக இருக்கணுமாம். எரிகல். ஊற்று. சூறை. வேர். காளான். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகளில் ஒரே பேர் ஆறு பேருக்கு. ஒன்றைக் கூப்பிட்டால் ஆறும் இறங்குகிறதாம்.

"எம்புள்ளயக் கூப்பிட்டா எம்புள்ள மட்டும் திரும்பணும் மாமா" என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது? "காளான் நல்ல பேரும்மா. குடைச் செலவு மிச்சம்" என்றேன். சிரித்தாள். ஒருத்தர் சிரித்துவிட்டால் எனக்கு இன்னும் இரண்டு வரும். "காட்டெருமைன்னு வெச்சுப் பாரு, பள்ளிக்கூடத்துல ஒருத்தன் கிட்ட வர மாட்டான்."

மகன் எழுந்தான். தட்டில் பாதி அப்படியே கிடந்தது.

"இந்த வீட்ல காத்து, மழை, கல்லு, மண்ணு எதுவும் பேரா வராது. ஒருத்தன் பட்ட கேவலம் போதும்."

கதவு.

அந்த ஒருத்தன் அவனேதான். அவன் பிறந்தபோது நான் வைத்த பேர் ஆலங்கட்டி. பதினெட்டு வயது முடிந்த வாரமே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஆபீசில் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொண்டான். இப்போது அவனுக்கு வேலையும் அதே ஆபீசில்தான். பிறப்பு இறப்புப் பதிவு. பேர் பிடிக்காதவர்கள் எல்லாரும் அவன் ஜன்னலுக்குத்தான் வந்து நிற்கணும். வாரத்துக்கு ஏழெட்டுப் பேர் வருகிறார்களாம். அப்பன் வைத்த பேரைத் திட்டிக்கொண்டே படிவம் நிரப்புகிறார்களாம். அதை என்னைப் பார்த்துக்கொண்டு சொல்வான்.

செப்டம்பர் 5. மழை இல்லை.

பேச்சும் இல்லை.

செப்டம்பர் 9. மழை 3.2 மி.மீ.

மருமகளுக்கு இன்று வேன் ஓட்டம் இல்லை. நான் மொட்டைமாடியில் மழை அளந்துகொண்டிருந்தேன். மூச்சு வாங்க மேலே ஏறி வந்தாள்.

"நெஜமா சொல்லுங்க மாமா. ஏன் ஆலங்கட்டி?"

முப்பத்து நாலு வருஷமாக இந்தக் கேள்விக்கு நான் வேடிக்கையாகத்தான் பதில் சொல்லி வந்திருக்கிறேன். இன்று நிஜத்தைச் சொன்னேன்.

நான் வானிலை நிலையத்தில் முப்பத்தெட்டு வருஷம் மழை அளந்தவன். படித்தது ஐந்தாவது. அந்த வேலைக்கு அது போதும். குனியத் தெரியணும், எண் தெரியணும், பொய் எழுதக் கூடாது. காலை எட்டரைக்குப் புனலுக்கு அடியில் சேர்ந்திருக்கும் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து எழுதணும். பதிவேட்டின் ஓரத்தில் 'குறிப்பு' என்று விரல் அகலத்துக்கு ஒரு கட்டம். இடி, பனி என்று ஒற்றை வார்த்தை எழுதலாம். நான் ஒரு நாள் அதில் 'மேகம் யானைக்குட்டி மாதிரிப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போனது' என்று எழுதி அதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஓய்வு பெற்ற அன்றைக்கே இந்த நோட்டை வாங்கினேன். இதில் எல்லாமே குறிப்புதான்.

அவன் பிறந்த காலை. நல்ல வெயில் காலம். அவன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நான் வேலைக்கு வந்திருந்தேன். ஏழு மணிக்கு வானம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. பிறகு ஒரே ஒரு சத்தம். தகரக் கூரையில் யாரோ கோலிக்குண்டை விட்டெறிந்த மாதிரி. வெளியே வந்து பார்க்கிறேன், வானமே உடைந்து கொட்டுகிறது. அந்தச் சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. ஒரு காக்காய் ஓடி வந்து தாழ்வாரத்தில் என் காலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது. பயமே இல்லை அதற்கு. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தோம். அதுவும் என்னை மாதிரி வாயைத் திறந்துகொண்டுதான் நின்றது.

கொட்டுவது நின்றதும் தரை வெள்ளை. புல்லிலிருந்து ஆவி. ஒரு சத்தம் இல்லை.

கட்டியை அப்படியே அளக்க முடியாது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. வெந்நீரை அளந்து வைத்துக்கொண்டு புனலில் ஊற்றி உருக்கணும். மொத்தத்தையும் அளந்து, நாம் ஊற்றியதைக் கழிக்கணும். மிச்சம்தான் வானம் போட்டது. நான் வெந்நீரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். புனலில், நட்டநடுவில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக வளையம். கீழே விழப் பார்த்திருக்கிறது, காற்று மேலே தூக்கி எறிந்திருக்கிறது. மறுபடி விழ, மறுபடி தூக்க. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சட்டை. எத்தனை தடவை போய் வந்தால் இவ்வளவு பெரிசு! கடைசியில் காற்றே தாங்க முடியாமல்தான் கீழே விட்டிருக்கிறது.

அதை உருக்க எனக்குக் கை வரவில்லை. பிளாஸ்க்கில் இருந்த டீயைக் கொட்டிவிட்டு அதைப் போட்டு மூடினேன். மற்றதை உருக்கி, அளந்து, எழுதினேன். அன்றைய பதிவேட்டில் ஒரு ஆலங்கட்டி குறைச்சல். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் எழுதிய ஒரே தப்புக் கணக்கு அதுதான்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிறந்துவிட்டான். கட்டடம் அதிர அழுகிறான். பிளாஸ்க்கைத் திறந்தால் பட்டாணி அளவுக்குத்தான் மிச்சம். அவன் அம்மா உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதை எடுத்து அவன் பாதத்தில் தொட்டாள். டக்கென்று அழுகை நின்றது. கண்ணைத் திறந்தான். எங்களைப் பார்க்கவில்லை, எங்களுக்குப் பின்னால் எதையோ பார்த்தான்.

"ஆலங்கட்டின்னு வெச்சிடலாமா?" என்று நான் விளையாட்டுக்குத்தான் கேட்டேன். "வேற என்ன வெக்க முடியும்?" என்றாள் அவள்.

மருமகள் என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். "உதைக்குது மாமா. கேட்டுக்கிட்டு இருந்திருக்கு."

செப்டம்பர் 14. மழை இல்லை. புழுக்கம்.

முடி வெட்டப் போனேன். முடிதிருத்துபவன் என் பழைய கூட்டாளி. மூக்கில் இருக்கிற கண்ணாடியின் கனத்தைப் பார்த்து நான் வைத்த பேர் சோடாபுட்டி. இன்று அவன் கடைப் பலகையிலேயே அந்தப் பேர்தான். நான் வைத்த பேர் ஒட்டிக்கொள்ளும். என் கை ராசி, இல்லை, வாய் ராசி.

"ஒழுங்கா ஒரு பேர் வெக்கச் சொல்லு, தென்றல்னு" என்றான் அவன்.

"வேன்ல மூணு தென்றல் இருக்காம்டா. நாலு தெசைக்கு நாலு காத்து. தெக்கே தென்றல், வடக்கே வாடை, மேக்கே கோடை, கெழக்கே கொண்டல். ஒண்ணுக்கு மட்டும் பொம்பளப் புள்ள பேரு வெச்சு கொஞ்சறீங்க. மத்த மூணும் என்னடா பாவம் பண்ணுச்சு?"

"வாடைன்னு வெச்சா மூக்கப் பொத்துவான். கோடைன்னு வெச்சா கல்யாணத்துக்கு எவனும் வர மாட்டான்" என்று காதுக்குப் பக்கத்தில் கத்தரியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். காது தப்பியது பெரிய விஷயம்.

திரும்பும்போது மருமகள் வேனில் ஏற்றிக்கொண்டாள். இதையே அவளிடமும் சொன்னேன். ஓரமாக வண்டியை நிறுத்தினாள்.

"கடைசியா என்ன சொன்னீங்க?"

"கொண்டல்."

"அது எப்படி இருக்கும்?"

எப்படிச் சொல்ல? மற்ற காற்றெல்லாம் சும்மா கையை வீசிக்கொண்டு வரும். கொண்டல் மட்டும் சுமையோடு வரும். வருவதற்கு முன்னாலேயே வீட்டுக்குத் தெரிந்துவிடும். கொடியில் துணி காயாது. ஜாடியில் உப்பு கசியும். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரில் ஏறும். ஒரு கடலையே முதுகில் தூக்கிக்கொண்டு வந்து யார் வயலுக்கோ, யார் கூரைக்கோ இறக்கிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரிப் போய்விடும். முப்பத்தெட்டு வருஷம் நான் அளந்ததெல்லாம் அது இறக்கிவைத்த சுமையைத்தான். அதை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை.

அவள் கிண்டல் பண்ணவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பார்த்து, மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். "கொண்டல். கொண்டல். ஏய் கொண்டல்."

பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

செப்டம்பர் 20. மழை 1.0.

இன்று சாயங்காலம் அவனிடம் சொல்லிவிட்டாள். நானும் அதே கூடத்தில்தான் இருந்தேன்.

"கொண்டைன்னு கூப்பிடுவாங்க" என்றான்.

"கொண்டை போட்டு விட்டுடறேன்."

"சிரிக்காத. ஒனக்குத் தெரியாது."

"தெரியலன்னா சொல்லுங்க."

அவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். மடித்துக்கொண்டே சொன்னான். மூன்றாம் வகுப்பில், மத்தியான இடைவேளையில், மைதானத்தின் நடுவில் இவனை நிறுத்திவிட்டு எல்லாரும் சுற்றி நிற்பார்களாம். வெயிலில். உருகுகிறானா என்று பார்க்க. மணி அடிக்கிற வரைக்கும். "வேர்வை வந்ததும், உருகறான்டா உருகறான்டான்னு கைத்தட்டுவானுங்க. ஒரு நாள் இல்ல. அந்த வெயில் காலம் பூரா."

"வீட்ல சொல்லலயா?" என்றாள் அவள்.

அவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

ஏன் பார்த்தான் என்று எனக்குத் தெரியும்.

அவனைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போதெல்லாம் கேட்டில் நின்று சொல்வேன். "டேய் ஆலங்கட்டி, வெயில்ல நிக்காதடா, உருகிடப் போற!" உள்ளே பிள்ளைகள் சிரிக்கும். அவை சிரித்தால் எனக்கு உற்சாகம். "துண்டு குடுத்து அனுப்பவா, தொடச்சு எடுத்துட்டு வர?" என்பேன். இன்னும் சிரிக்கும். அவனும் சிரிப்பான். சிரித்தானா? சிரிச்சான்னுதான் நெனச்சேன். திரும்பிப் பார்க்காமப் போவான். சிரிக்கிறான்னு நானா நெனச்சுக்கிட்டேன்.

நான்தானே சொல்லிக் குடுத்தேன். அந்தப் பசங்களுக்கு என்ன தெரியும், எட்டு வயசு. பேர்ல ஒண்ணும் இல்லடா. பேரு சுத்தமா இருந்துச்சு. நான்தான். இத்தன வருஷம் அவன் அதச் சொல்லல. பேர் மேல பழியப் போட்டான், எம்மேல போடல. ஏன்டா போடல?

செப்டம்பர் 21.

மழைமானியை எட்டிப் பார்க்கவில்லை. எவ்வளவு பெய்ததோ.

அக்டோபர் 3. மழை 12.6.

வாயைக் கட்டிவிட்டேன். யாரையும் எதுவும் சொல்வதில்லை. சாம்பார் உப்பாக இருந்தால் உப்பு என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஆள் மீசையில் சாயம் போட்டுக்கொண்டு வந்து நின்றான், ஒரு பக்கம்தான் ஒட்டியிருந்தது. எவ்வளவு பெரிய வாய்ப்பு! பல்லைக் கடித்துக்கொண்டு வணக்கம் மட்டும் சொன்னேன்.

மருமகள் பயந்துவிட்டாள். இன்று கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"பெரியவருக்கு என்ன பண்ணுது?"

"டாக்டர், இவர் பன்னெண்டு நாளா யாரையும் கிண்டல் பண்ணல."

டாக்டர் சிரிக்கவில்லை. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், ரத்த அழுத்தம் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறதாம். அதுதான் அவருக்கும் கவலை.

வேனில் வரும்போது அவளிடம் சொன்னேன். பள்ளிக்கூட கேட்டு, அங்கே நான் சொன்னது, பிள்ளைகள் சிரித்தது, எல்லாம். அவள் என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"இத எங்கிட்ட சொல்லி என்ன மாமா ஆகப் போகுது?" என்றாள். "கேக்க வேண்டியவரு வீட்ல இருக்காரு."

"அவன் முன்னாடி வாய் வர மாட்டேங்குது."

"ஒங்களுக்கா?" என்றாள். அதற்கப்புறம்தான் சிரித்தாள்.

அக்டோபர் 17. மழை 0.4.

வீட்டில் முடியவில்லை, ஆபீசில் சொல்லிவிடலாம் என்று போனேன். அங்கே என்றால் அவன் எழுந்து போக முடியாது பாருங்கள். டோக்கன் எடுத்தேன். ஐம்பத்து மூன்று. ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன்.

பக்கத்தில் ஒரு அம்மாள் தன் படிவத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பேருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 'எ' என்று ஒரு எழுத்து, பிறகு இன்னொரு பேர். இது என்னம்மா என்று கேட்டேன்.

"என்கிறன்னு அர்த்தம். மாத்தியும் ஆகணும், பழசு மேல பாசமும் போகல, அப்படின்னா ரெண்டையும் போட்டுக்கலாம். அந்த ஜன்னல்ல இருக்கற தம்பிதான் சொன்னாரு."

அந்த ஜன்னல் தம்பி தன் பேரை மாற்றியபோது அப்படிப் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குத் தெரியும். அந்தக் காகிதம் நான் பார்த்திருக்கிறேன். சுத்தமாகத் துடைத்திருந்தான்.

என் எண் வந்தது. அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. "சொல்லுங்க. என்ன வேணும்?"

எல்லாருக்கும் கேட்கிற அதே குரல். மனப்பாடம் செய்தது மொத்தமும் போய்விட்டது.

"பேர் மாத்தற படிவம் ஒண்ணு" என்றேன்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"என்னன்னு மாத்தணும்?"

வாய் இருக்கிறதே, இந்த வாய். "காட்டெருமைன்னு" என்றது.

பின்னால் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மறுபடியும் அதே பள்ளிக்கூட கேட்டு. அவன் ஒரு படிவத்தை எடுத்து ஜன்னலுக்கு அடியில் தள்ளினான். "அம்பத்து நாலு" என்று கூப்பிட்டான்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து, அந்தப் படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 6. மழை அளக்கவில்லை.

எழுத்து கோணல்.

விடிந்ததும் வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரி நடையில் நானும் மகனும். ஒரு பெஞ்சு, ஒரு கடிகாரம், ஒரு ஜன்னல். பத்து இருபதுக்குக் கதவைத் திறந்துகொண்டு நர்சு ஓடி வந்தாள்.

"பொறந்தாச்சு. பொண்ணு. இன்னும் மூச்சு எடுக்கல, வழி விடுங்க."

எதையோ எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே ஓடினாள். கதவு ஆடி ஆடி நின்றது.

மகன் என் சட்டை ஓரத்தைப் பிடித்தான். சின்ன வயசில் ரோடு தாண்டும்போது பிடிப்பான், அதே இடத்தில், அதே மாதிரி, இரண்டு விரலால். அவன் பிடித்தது அவனுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

நான் எல்லாவற்றையும் அளந்தவன். அந்த ஒரு நிமிஷத்தை அளக்க ஒன்றும் இல்லை. கடிகாரத்தில் முள் மட்டும் போகிறது. ஜன்னல் துணி ஒரு தடவை உப்பி, அடங்கியது. மண் வாசனை வந்தது. கிழக்குப் பக்க ஜன்னல் அது. வெளியே இவ்வளவு காற்று இருக்கிறது. ஊர் உலகம் பூராவும் காற்று. மரத்தைப் பிடுங்குகிற காற்று, கப்பலைத் தள்ளுகிற காற்று, கல்லையே மேலே தூக்கிப் பந்தாடுகிற காற்று. இதிலிருந்து ஒரு கரண்டி. ஒரே ஒரு கரண்டி உள்ளே போகணும்.

போ. உள்ள போயேன். ஒனக்கு என்ன கொறஞ்சுடும்? போ.

அப்புறம் சத்தம் வந்தது.

முதலில் தகரத்தில் உரசின மாதிரி. பிறகு நின்றது. பிறகு — அடேயப்பா! கட்டடம் அதிர. அப்படியே அவள் அப்பன் அழுதது.

மகன் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தான். சட்டையை விடவில்லை, அதனால் நானும் குனிந்துகொண்டே நின்றேன். முதுகு பிடித்துக்கொண்டது. நிமிரத் தோன்றவில்லை.

நவம்பர் 7. மழை 22.0.

பார்த்தேன்.

எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் என்ன பட்டப்பேர் வைக்கப் போகிறேன் என்று மகன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறான், தெரிகிறது. மருமகள் படுத்த மேனிக்குச் சிரிக்கிறாள். "என்ன மாமா, ஒண்ணும் சொல்லலயா?"

"நகம் இருக்கும்மா" என்றேன்.

"நகம் இல்லாம பொறக்குமா தாத்தா?" என்று நர்சு சிரித்தாள்.

இல்லை, சுண்டுவிரலிலும் இருக்கிறது. கடுகு அளவு. அதற்குள் ஒரு வெள்ளைப் பிறை. யார் உட்கார்ந்து இதை எல்லாம் செய்தது, இருட்டில், விளக்கு இல்லாமல்?

வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஒன்றுமே.

நவம்பர் 13. மழை 31.0.

வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பேர் இன்னும் வைக்கவில்லை. ஆளாளுக்கு 'இது' என்கிறோம். அவளும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு தூங்குகிறாள்.

காலையில் மழை விட்ட நேரம், மாடியில் அளந்துகொண்டிருந்தேன். மகன் துண்டில் சுற்றி அவளைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு வாசலில் வந்து நின்றான். நான் குழாயைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடியே இருந்தேன். காற்று வந்தது. அவள் வாயைத் திறந்து, மூடினாள். மறுபடி திறந்து, மூடினாள். தின்று பார்க்கிற மாதிரி.

"அப்பா" என்றான். "இது என்ன காத்து?"

அவன் என்னிடம் வானத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பதினாறு வருஷம் ஆகிறது.

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். "கெழக்கால இருந்து வருதுடா" என்றேன்.

"அதுக்கு ஒரு பேர் இருக்குமே."

"பேர் சொல்றத நான் விட்டுட்டேன்."

அவன் அவள் முகத்தில் பட்ட ஒரு துளியைத் துடைக்கப் போனான், துடைக்கவில்லை. அது தானாகக் கன்னத்தில் இறங்கிக் காதுக்குள் போகும் வரைக்கும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நவம்பர் 15. மழை 6.5.

மருமகளிடம் அவன் எங்கே என்று கேட்டால், "வேலை இருக்காம்" என்கிறாள். முகத்தில் ஏதோ ஒளித்து வைத்திருக்கிறாள். மேலே கேட்டால் என் காதைத் திருகிவிடுவாளாம். மாமனார் காதை! காலம் அப்படி.

நவம்பர் 21. மழை 8.4.

இன்று சொல்லியே தீருவது என்று எழுந்தேன். அவன் ஆபீசுக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். முன்னால் போய் நாற்காலியைப் போட்டு வழியை அடைத்து உட்கார்ந்தேன்.

"டேய். அந்தப் பள்ளிக்கூட கேட்டு."

கை நின்றது. நிமிரவில்லை.

"வெயில்ல நிக்காத, உருகிடப் போறன்னு மொதல்ல சொன்னது நான்தான்டா. அவனுங்க இல்ல. அவனுங்க சிரிச்சானுங்க, அதப் பாத்து நான் தெனமும்—"

"தெரியும்ப்பா."

"தெரியும்னா? முழுசாக் கேளு. பேர் மேல தப்பு இல்ல. பேரு அது பாட்டுக்கு இருந்துச்சு. நான்தான் அத எடுத்து நாலு பேரு முன்னாடி—"

"நேரமாச்சு."

எழுந்தான். பையிலிருந்து ஒரு உறையை எடுத்து என் மடியில் வைத்தான். "எழுத்தெல்லாம் சரியா இருக்கான்னு பாத்து வைங்க." நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனான்.

"அஞ்சாங்கிளாஸ்காரன் கிட்ட எழுத்து சரி பாக்கக் குடுத்துட்டுப் போறியா? டேய், நான் இன்னும் முடிக்கல! நில்லுடா—"

வண்டி சத்தம் தெருமுனை தாண்டிவிட்டது. கதவு மட்டும் திறந்தே கிடந்தது.

உறையில் பிறப்புச் சான்றிதழ். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். குழந்தையின் பெயர்: கொண்டல். அச்சில் பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! அதற்குக் கீழே தாய். அதற்குக் கீழே தந்தை. தெருவில் நூறு பேருக்கு இருக்கிற அந்தப் பேர். அதற்குப் பக்கத்தில் ஒரு அடைப்புக்குறி. அதற்குள் 'எ'. அப்புறம் ஆறு எழுத்து. நான் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். கடைசி 'டி' வரைக்கும் போய், மறுபடி 'ஆ'விலிருந்து வந்தேன்.

"மாமா, படிச்சாச்சா?" உள்ளே இருந்து மருமகள். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "பழைய பேரச் சேத்துக்கற மனுவ அவரே எழுதி அவரே வாங்கக் கூடாதாம். லீவு போட்டு, டோக்கன் எடுத்து, அவரு ஜன்னல்லயே வரிசைல நின்னு குடுத்தாரு. அது முடிஞ்சாத்தான் புள்ளயோடத எழுதணும்னு பிடிவாதம். அதான் இத்தன நாள்."

எழுத்து எல்லாம் சரியாக இருக்கிறது. ஒன்றும் குறையவில்லை.

குறிப்பு: நான் சொல்ல வந்ததில் பாதி இன்னும் வாயிலேயே இருக்கிறது. கொண்டல் எழுந்துவிட்டாள்.